மேற்குப் பக்க ஜன்னல் ஒழுகினால்

பொள்ளாச்சிப் பக்கத்துப் பழைய வீடுகளில் மேற்கு பார்த்த ஜன்னல் ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு உண்டு. ஆனி பிறந்ததும் அது அலமாரியிலிருந்து வெளியே வரும். கிழிந்த குளியல் துண்டோ, பழைய வேட்டியோ, பையனுக்குச் சின்னதாகிப்போன பனியனோ, வீட்டுக்கு வீடு மாறும். அதைச் சுருட்டி ஜன்னல் திண்டில் வைத்து, நடுராத்திரி ஒருக்கா எழுந்து பிழிந்து வைத்துவிட்டுப் படுப்போம். எங்கள் வீட்டில் இருபது வருடம் இப்படித்தான் ஓடியது.

நம்மூர் மழை அளவில் பெரிதல்ல. ஆனால் வருகிற விதம் வேறு. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தத் திறப்பு வழியாகத்தான் உள்ளே பாய்கிறது. உடுமலை, பல்லடம் பக்கமெல்லாம் காற்றாலை நட்டதே அந்தக் காற்றை நம்பித்தான். அதோடு சேர்ந்து வரும் சாரல் மேலிருந்து விழுவதில்லை, பக்கவாட்டில் வந்து அறைகிறது. நேராக விழும் மழைக்குப் போதுமான சன்ஷேடு இந்தச் சாரலுக்குப் பாதிகூடத் தாங்காது.

இது திறந்து மூடும் பழைய மர ஜன்னலைத் தானே சரிசெய்யப் பார்க்கிறவர்களுக்கு எழுதியது. ஆசாரியைக் கூப்பிட்டுச் செய்தாலும், எதைச் செய்யச் சொல்ல வேண்டும் என்று தெரிந்திருந்தால் நல்லது. அலுமினிய ஸ்லைடிங் ஜன்னலுக்கும் கடைசியில் கொஞ்சம் சொல்கிறேன்.

வேலைக்கு முன் தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள்

நான் செய்த தப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஒரு வருடம் கடையில் ஒரு சிலிக்கான் டியூப் வாங்கி வந்து, ஜன்னலுக்கு வெளியே கீழ்ச்சட்டமும் நிலையும் சேரும் இடுக்கு முழுக்க அடைத்துவிட்டேன். இரண்டு மழைக்கு ஒழுகல் நின்றது. மூன்றாவது மழையில் பழையபடி உள்ளே வந்தது. சரி, எங்கேயோ விட்டுவிட்டோம் என்று இன்னொரு டியூப். அடுத்த வருடம் ஆசாரி வந்து ஸ்க்ரூடிரைவரைக் கீழ்ச்சட்டத்தில் வைத்து அழுத்தினார். வெந்த கிழங்கில் இறங்குவதுபோல் ஒரு அங்குலம் இறங்கியது. "ஏனுங்க, தண்ணி வர்ற வழியத் தேடறத வுட்டுப்போட்டு, போற வழிய அடைச்சுப்போட்டீங்களே" என்றார்.

தண்ணீர் மேலே கண்ணாடி ஓரத்தில் நுழைந்து, சட்டத்துக்குள்ளேயே இறங்கி, கீழே அந்த இடுக்கு வழியாக வெளியே போய்க்கொண்டிருந்திருக்கிறது. மிச்சம் கொஞ்சம்தான் உள்ளே சொட்டியது. நான் வெளியேறும் வாசலை மூடியதும் அத்தனையும் மரத்துக்குள் தேங்கிவிட்டது.

அதனால் முதல் வேலை ஹோஸ் பிடிப்பது. மழை இல்லாத நாளில், நன்றாகக் காய்ந்த ஜன்னலில் செய்யுங்கள். பங்குனி, சித்திரை தோதான மாதங்கள். உள்ளே ஒருவர் டார்ச்சும் சாக்பீஸும் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். நிலையைச் சுற்றி உட்பக்கம் முகப்பவுடரை லேசாகத் தூவிவிடுங்கள். ஒரு சொட்டு நகர்ந்தாலும் பவுடரில் கோடு விழும், எங்கிருந்து கிளம்பியது என்று காட்டிக்கொடுத்துவிடும்.

வெளியே இருப்பவர் குழாய் முனையை விரலால் அழுத்திப் பீய்ச்ச வேண்டாம். தண்ணீர் மழைபோல் வழிந்தால் போதும். எப்போதும் கீழிருந்து மேலே போங்கள். முதலில் திண்டு. அப்புறம் நிலைக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள பக்க இடுக்கு. அப்புறம் கதவின் கீழ்ச்சட்டம், கண்ணாடி ஓரம், மேல்சட்டம், கடைசியில் சன்ஷேடு. ஒவ்வோர் இடத்துக்கும் 10 நிமிடம். சுவர் வழியாக வருகிற தண்ணீருக்கு அரைமணி நேரம்கூட ஆகும், அவசரப்படாதீர்கள். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்துவிடும், ஒன்றும் பிடிபடாது.

எங்கள் வீட்டில் எட்டு ஜன்னல். அதில் மூன்றில் ஜன்னல்மேல் ஒரு குற்றமும் இல்லை. சன்ஷேடின் முனையில் வந்த தண்ணீர் கீழே சொட்டாமல், அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு சுவர்வரை ஊர்ந்து வந்து, நிலையின் தலையில் இறங்கியது. சன்ஷேடு கட்டும்போதே அடியில் முனையை ஒட்டி ஒரு காடி விட்டிருந்தால் தண்ணீர் அங்கேயே அறுந்து விழுந்திருக்கும். இப்போது பழைய சன்ஷேடை கட்டர் வைத்து அறுக்கச் சொல்லி கொத்தனார் ஆசைகாட்டுவார், வேண்டாம். உள்ளிருக்கும் கம்பியைக் கிளறிவிட்டால் அப்புறம் துரு ஏறிக் காரை உதிரும். 12 மி.மீ. அலுமினிய ஆங்கிளை வாங்கி, முனையிலிருந்து ஒரு அங்குலம் உள்ளே தள்ளி, ஒரு பக்கம் கீழே தொங்குகிற மாதிரி பியூ சீலன்ட் (பாலியூரித்தேன், காய்ந்ததும் ரப்பர்போல் இழுபடும் அடைப்புப் பசை) வைத்து ஒட்டிவிடுங்கள். தண்ணீர் அந்த விளிம்போடு நின்று சொட்டிவிடும். மூன்று ஜன்னலும் இதில் சரியாயின.

காற்று என்ன செய்கிறது

சின்னக் கணக்கு ஒன்று தெரிந்திருந்தால் மற்ற வேலைகள் எல்லாம் புரியும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும் காற்று தண்ணீரை 6 மி.மீ. உயரம்வரை தூக்கி நிறுத்தும். 54 கிலோமீட்டர் என்றால் ஏறக்குறைய 14 மி.மீ. வேகம் ஒன்றரை மடங்கானால் தள்ளும் பலம் இரண்டேகால் மடங்கு. ஜன்னலுக்குள் தண்ணீர் படியேறுவது இதனால்தான். கதவு வந்து மோதும் நிலைக் காடியின் பின்சுவர் 10 மி.மீ. உயரம்தான் என்றால், ஆடி மாதக் காற்றில் தண்ணீர் அதைத் தாண்டி விழுவதில் ஆச்சரியமே இல்லை.

ஆனால் தண்ணீரைத் தூக்க, காற்று அந்த இடுக்கு வழியாக உள்ளே போய்க்கொண்டிருக்க வேண்டும். உட்பக்கம் காற்றை நிறுத்திவிட்டால், இடுக்குக்குள்ளும் வெளியிலும் அழுத்தம் ஒன்றாகிவிடும், தண்ணீரை உள்ளே தள்ள ஆளில்லை. அது தன் எடையில் கீழே இறங்கி வெளியே போய்விடும். ஆகவே ரப்பர் பட்டை உட்பக்கம், வெளிப்பக்கம் திறந்த இடுக்கு. நான் சிலிக்கான் வைத்தது நேர் எதிர்.

வெளியே திறக்கும் கதவு இங்கே நமக்குச் சாதகம். காற்று அதை நிலையோடு சேர்த்து அழுத்தும். உள்ளே திறக்கும் கதவைக் காற்று தள்ளித் திறக்கப் பார்க்கும். அப்படிப்பட்ட ஜன்னலில் தாழ்ப்பாள் மேலும் கீழும் இறுக்கமாக இருக்க வேண்டும், நடுவில் ஒரு கொக்கி மட்டும் போதாது.

கதவைக் கழற்றுவது

கழற்றும் முன் மூடிய நிலையில் ஒருதரம் நிதானமாகப் பாருங்கள். மேல் இடுக்கு கீல் பக்கம் சின்னதாகவும் தாழ்ப்பாள் பக்கம் பெரிதாகவும் இருந்தால் கதவு தொங்கிவிட்டது என்று அர்த்தம். தொங்கிய கதவுக்கு எந்த ரப்பர் வைத்தும் பிரயோசனமில்லை. பெரும்பாலும் மேல் கீலின் திருகு ஓட்டை பெருத்துப் போயிருக்கும். நீர் தாங்கும் பசையில் தோய்த்த தேக்குச் சீவலை ஓட்டைக்குள் அடித்து, ஒரு நாள் காயவிட்டு, புதுத் திருகு போட்டால் கதவு எழுந்து நிற்கும். எங்கள் ஜன்னல் ஒன்றில் இந்த வேலை மட்டுமே போதுமானதாக இருந்தது.

இருபது முப்பது வருடப் பெயின்ட் திருகுத் தலையை மூடியிருக்கும். ஆக்சா பிளேடு முனையால் தலையிலுள்ள பள்ளத்தைச் சுரண்டிவிட்டு, ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டுங்கள். முதலில் ஒரு நூலளவு இறுக்கும் பக்கமாகத் திருப்பி, அப்புறம் கழற்றும் பக்கம் திருப்பினால் பிடி விடும். கீழ்க் கீலை முதலிலும் மேல் கீலைக் கடைசியிலும் கழற்றுங்கள், கதவை ஒருவர் தாங்கிக்கொள்ளட்டும். மாடி ஜன்னல் என்றால் இதைத் தனியாகச் செய்யவே கூடாது. எந்தக் கதவு எந்த நிலைக்கு என்று கீல் பக்கத்தில் உளியால் ஒரு கோடு, இரண்டு கோடு என்று வெட்டி வையுங்கள். பென்சிலில் எழுதினால் உப்புத்தாள் போடும்போது போய்விடும். பழைய ஜன்னல்களில் ஒன்றுபோல் ஒன்று இருக்காது.

பழைய பெயின்டைச் சுரண்டுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தூசி பறக்கவிடாமல், நனைத்துத் தேயுங்கள். முகமூடி போடுங்கள். குழந்தைகள் அந்தப் பக்கம் வர வேண்டாம்.

மரம் தேறுமா, தேறாதா

கீழ்ச்சட்டம், கீழ் இரண்டு மூலை, நிலையின் அடிக்கட்டை. இந்த மூன்று இடத்திலும் ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே இத்துப்போயிருக்கும். பழைய தேக்கு அவ்வளவு சுலபத்தில் போகாது. ஆனைமலை மேலிருக்கும் டாப்ஸ்லிப்புக்கு அந்தப் பெயரே மேலே வெட்டிய மரங்களைச் சரிவில் கீழே சறுக்கிவிட்டதால் வந்தது. அந்த மலையடிவாரத்தில் இருந்துகொண்டு நல்ல தேக்கு ஜன்னலைக் கழற்றி எடைக்குப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறெரியும்.

இத்துப்போனது கீழ்ச்சட்டத்தில் ஒரு பகுதிதான் என்றால் அதை மட்டும் அறுத்து எடுத்துவிட்டு ஒட்டுப்போடலாம். நல்ல மரம் தெரியும்வரை வெட்டுங்கள், அதற்கப்பால் இன்னும் ஒரு அங்குலம். ஒட்டு சேரும் கோடு வெளிப்பக்கம் சரிவாக இறங்க வேண்டும். மட்டமாக இருந்தால் தண்ணீர் அதிலேயே உட்காரும். சாதாரண வெள்ளைப் பசை ஈரத்தில் விட்டுவிடும். எபாக்ஸியோ நீர் தாங்கும் மரப்பசையோ வாங்குங்கள். இரண்டு மூலைகளும் போய், பக்கச் சட்டத்திலும் மூன்றில் ஒரு பங்கு இத்துப்போயிருந்தால் ஒட்டுப்போட்டு மாளாது. புதுக் கதவு செய்துவிடுங்கள். நிலை நன்றாக இருந்தால் அதை ஏன் பெயர்க்க வேண்டும்?

நிலையின் அடிக்கட்டையில் நம்மூர் ஜன்னலுக்கே உரிய ஒரு வினை உண்டு. கம்பி. நெட்டுக்கு நிற்கும் இரும்புக் கம்பி ஒவ்வொன்றும் அடிக்கட்டையில் துளைபோட்டு இறக்கியது. உள்ளே வந்த சாரல் கம்பியோடு வழிந்து நேராக அந்தத் துளைக்குள் போகிறது. கம்பி துருப்பிடிக்கும்போது பருமனாகும், மரத்தைப் பிளக்கும், பிளவில் இன்னும் தண்ணீர். எங்கள் அடிக்கட்டையில் ஏழு கம்பிக்கும் கீழே ஏழு கறுப்பு வளையம் விழுந்திருந்தது. அடுப்புக்கரி வைத்துத் தேய்த்த மாதிரி. ஒவ்வொரு கம்பியின் காலையும் கம்பி பிரஷால் பளிச்சென்று தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, காய்ந்ததும் கம்பியைச் சுற்றிப் பியூ சீலன்டைச் சின்னக் கூம்புபோல் ஏற்றிவிடுங்கள். பள்ளமாக விடாமல் மேடாக இருந்தால் தண்ணீர் விலகி ஓடும். ஒரு ஜன்னலுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். முதுகு வலிக்கும். செய்யுங்கள்.

கண்ணாடியும் மக்கும்

கண்ணாடி ஆடினால், அல்லது அதைச் சட்டத்தோடு பிடித்து வைக்கும் மக்கு வெடித்திருந்தால், முழுவதையும் எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவதே மேல். வெடித்த மக்குமேல் புது மக்கு பூசினால் ஒரு வெயிலுக்கு நிற்காது.

பழைய மக்கைப் பழைய உளியால் சுரண்டி எடுங்கள். கையுறை கட்டாயம். கண்ணாடியை எடுத்ததும் காடியைச் சுத்தம் செய்து, பிரைமர் ஒரு கோட் அடியுங்கள். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். மக்கு என்பது சுண்ணாம்புக்கல் பொடியும் லின்சீடு எண்ணெயும் பிசைந்தது. காய்ந்த மரத்தில் நேரடியாக வைத்தால் மரம் எண்ணெயை உறிஞ்சிவிடும், மக்கு வறண்டு வெடிக்கும்.

பிரைமர் காய்ந்ததும் காடியில் முதலில் 2 மி.மீ. கனத்துக்கு மக்கை நீளத் திரித்து வைத்து, அதன்மேல் கண்ணாடியை அழுத்த வேண்டும். கண்ணாடிக்கு அடியில் இருக்கும் இந்த மெத்தைதான் தண்ணீரைத் தடுக்கிறது, வெளியே சாய்வாகப் பூசுவது அதற்குத் துணை. வெளியே மட்டும் பூசி அனுப்பிவிடும் அவசர வேலையில் கண்ணாடியைத் தட்டினால் கடகடவென்று சத்தம் வரும். கண்ணாடியைக் காடியின் உள்ளளவைவிட 3 மி.மீ. குறைத்து வெட்டச் சொல்லுங்கள். கீழே இரண்டு சின்ன ரப்பர் துண்டுகளில் அது உட்காரட்டும். நடுவில் அழுத்தாதீர்கள், ஓரத்தை மட்டும் கட்டைவிரலால் நகர்ந்து நகர்ந்து அழுத்துங்கள்.

வெளி மக்கைச் சாய்வாக இழுத்துவிட்டு ஒன்று, இரண்டு வாரம் ஆறவிடுங்கள். மேலே தோல் கட்டியதும் பெயின்ட். பிரஷ் கண்ணாடிமேல் 2 மி.மீ. ஏறிவர வேண்டும். கோணலாகத் தெரியுமே என்று பிளேடால் அதைச் சுரண்டிவிடுவார்கள். அந்த 2 மி.மீ.தான் மக்குக்கும் கண்ணாடிக்கும் நடுவிலுள்ள கோட்டை மூடுகிறது.

மர பீடிங் அடித்த கண்ணாடி என்றால் மக்குக்குப் பதில் நியூட்ரல் சிலிக்கானில் (வினிகர் வாசம் வராதது) உட்கார வைக்கலாம். பீடிங்கின் மேல்முகம் வெளிப்பக்கம் வாட்டமாக இருக்க வேண்டும்.

ரப்பர் பட்டை

எந்தக் கனத்தில் ரப்பர் வாங்குவது என்று தெரியாமல்தான் பலர் இரண்டு முறை வாங்குகிறார்கள். சப்பாத்தி மாவு கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள். சிறு உருண்டைகளாகப் பாலித்தீன் தாளில் சுற்றி, நிலையின் காடியில் எட்டுப் பத்து இடத்தில் வைத்து, கதவை மூடித் தாழ் போட்டுத் திறங்கள். நசுங்கிய மாவின் கனம்தான் உங்கள் இடுக்கு. அதைவிட 1 அல்லது 2 மி.மீ. கூடுதல் கனமுள்ள ரப்பர் வேண்டும். ஓரிடத்தில் 2 மி.மீ., ஓரிடத்தில் 7 மி.மீ. என்று வந்தால் ரப்பர் வாங்கப் போகாதீர்கள். முதலில் கதவின் கோணலை எடுக்க வேண்டும்.

உள்ளே குழலாக இருக்கும் ஈபிடிஎம் ரப்பரைக் கேட்டு வாங்குங்கள். பின்னால் பசை தடவிய கறுப்பு ஸ்பாஞ்ச் பட்டை விலை குறைவுதான். ஆனால் அது தண்ணீரைக் குடிக்கும், ஒரு ஆடியோடு சரி. ரப்பரைக் கதவு மோதும் காடியின் உட்சுவரில், நான்கு பக்கமும் விடாமல் சுற்றுங்கள். ஒட்டும்போது இழுக்காதீர்கள். இழுத்து ஒட்டிய ரப்பர் பின்னால் சுருங்கி மூலையில் வாய் திறக்கும். இரண்டு முனையும் சேரும் இடம் மேல்சட்டத்தின் நடுவில் வரட்டும், கீழே வேண்டாம்.

ஒட்டி முடித்ததும் சாக்பீஸை ரப்பர்மேல் தேய்த்துக் கதவை மூடித் திறந்தால், கதவில் வெள்ளைக் கோடு பதியும். கோடு விட்ட இடத்தில் காற்று வரும்.

கதவின் கீழ்ச்சட்டத்தில் வெளிப்பக்கம் ஒரு சாய்வு ரீப்பர் வைப்பது நான் பார்த்ததிலேயே நல்ல முதலீடு. பழைய பங்களா ஜன்னல்களில் பார்த்திருப்பீர்கள். கண்ணாடிமேல் வழிந்து வரும் தண்ணீரை இது இடுக்குக்கு முன்னாலேயே தூக்கி வெளியே போடும். 40 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும் தேக்குத் துண்டு போதும். மேல்முகம் சரிவாக, அடியில் 10 மி.மீ. அகலத்துக்கு ஒரு காடி. காடி அதைவிட ஒடுக்கமாக இருந்தால் சொட்டு இரண்டு கரையையும் தொட்டுப் பாலம் போட்டுத் தாண்டிவிடும். திருகைப் பின்னாலிருந்து போடுங்கள், சேரும் முகத்தில் சீலன்ட்.

ஒன்றை மறக்க வேண்டாம். சித்திரையில் மரம் வறண்டு சுருங்கியிருக்கும், ஆடியில் ஈரம் குடித்து உப்பும். சித்திரையில் கச்சிதமாக இழைத்துவிட்டுச் சந்தோஷப்பட்டால் ஆடியில் கதவு இறுகித் திறக்காது. மூடிய கதவைச் சுற்றி ஒரு ரூபாய் நாணயம் தட்டுப்படாமல் ஓடினால் இடைவெளி சரி. கதவின் நான்கு விளிம்புக்கும், குறிப்பாகக் கண்ணுக்குத் தெரியாத அடி விளிம்புக்கும், பெயின்ட் அடித்தாக வேண்டும். மரம் ஈரம் குடிப்பது அங்கேதான்.

நிலைக்கும் சுவருக்கும் நடுவில்

மரம் அசையும், சுவர் அசையாது. இரண்டுக்கும் நடுவில் சிமென்ட் வைத்தால் ஒரு வருடத்தில் மயிரிழை விரிசல் விழும், அதில் தண்ணீர் தானாகவே ஏறும். சுவரின் ஓதத்துக்குப் பாதிக் காரணம் இதுவாகத்தான் இருக்கும். தளர்ந்த காரையைச் சுரண்டி எடுத்து, தூசி ஊதி, ஃபோம் கயிறை உள்ளே அழுத்தி, அதன்மேல் சீலன்ட். இடுக்கு 10 மி.மீ. அகலமென்றால் சீலன்ட் 5, 6 மி.மீ. ஆழம் போதும். ஃபோம் கயிறு இல்லாமல் ஆழமாக அடைத்தால் டியூப் தீரும், சீலன்ட் பின்சுவரிலும் ஒட்டிக்கொள்ளும், இழுபட முடியாமல் கிழியும்.

டியூப் வாங்கும்போது முகர்ந்து பார்க்க முடியாது, அதனால் அட்டையைப் படியுங்கள். வினிகர் வாசம் வரும் சிலிக்கான் இரும்பை அரிக்கும், சிமென்டில் சரியாக ஒட்டாது. நியூட்ரல் என்று போட்டது வேண்டும். ஆனால் எந்தச் சிலிக்கான்மேலும் பெயின்ட் நிற்காது. பெயின்ட் அடிக்கிற இடமென்றால் பியூ சீலன்ட். 6 மி.மீ. அகலமும் 6 மி.மீ. ஆழமும் உள்ள இடுக்குக்கு 280 மி.லி. டியூப் ஒன்று 7 மீட்டருக்குச் சொச்சம் வரும். மூன்றடிக்கு நாலடி ஜன்னலின் சுற்றளவு 14 அடி, அதாவது 4.3 மீட்டர். இரண்டு ஜன்னலுக்கு ஒரு டியூப் பத்தாது.

இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, அடைத்து, சோப்புத் தண்ணீரில் தொட்ட விரலால் ஒரே இழுப்பாக இழுத்து, தோல் கட்டும் முன் டேப்பை உரித்துவிடுங்கள். உள்ளே முழுக்க இறுக நாளொன்றுக்கு 2, 3 மி.மீ. கணக்கு, அதனால் மூன்று நாள் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேல்பக்கத்தையும் இடது, வலது பக்கங்களையும் முழுக்க அடையுங்கள். நிலையின் அடிக்கட்டை திண்டில் உட்காரும் கீழ்க்கோட்டில் வெளிப்பக்கம் இரண்டு இடத்தில் ஒரு விரல் அகலம் விட்டுவிடுங்கள். என்ன செய்தாலும் கொஞ்சம் தண்ணீர் உள்ளே போகும். அது திரும்பி வர வேண்டும்.

திண்டு வெளிப்பக்கம் வாட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஆறு அங்குலத் திண்டுக்கு அரை அங்குலம் வாட்டம் வேண்டும். உட்பக்கம் வாட்டமாக இருந்தால் மேலே சொன்ன எதுவும் வேண்டாம், முதலில் கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.

அலுமினியமும் மாற்றுவதும்

ஸ்லைடிங் ஜன்னல் ஒழுகுகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது ஒரு சீமாற்றுக் குச்சி. கீழ் டிராக்கில் வெளிப்பக்கம் சின்ன ஓட்டைகள் இருக்கும், டிராக்கில் விழும் தண்ணீர் அதன் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். மஞ்சி (தேங்காய் நார்) மில் பக்கத்து வீடுகளில் நார்த்தூள் பறந்து வந்து அந்த ஓட்டையில் ஈரத்தோடு கெட்டியாகிவிடும். மற்ற இடங்களில் மண், எறும்புப் புற்று, சில வீடுகளில் பெயின்டர் அடித்த எமல்ஷன். குச்சியால் குத்திவிட்டு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுங்கள். வெளியே ஓடினால் பாதி வேலை முடிந்தது. ஓட்டையே போடாமல் மாட்டிப் போனவர்களும் உண்டு. அப்போது டிரில்லில் 6 மி.மீ. பிட் போட்டு வெளிச்சுவரில் மட்டும் துளைக்க வேண்டும், அடித்தட்டில் அல்ல.

கதவு ஓரத்தில் உரோமம்போல் இருக்கும் பிரஷ் பட்டை தேய்ந்திருந்தால் பழையதை உருவிவிட்டு அதே கனத்தில் புதியது செருகலாம். அதற்குமேலும் சாரல் தாண்டி வந்தால், டிராக்கின் பின்சுவர் உயரம் பத்தவில்லை. மேலே சொன்ன 14 மி.மீ. கணக்குதான். மேற்குப் பக்கத்துக்கு ஸ்லைடிங் வைத்ததே தப்பு, அங்கே கீல் வைத்துத் திறக்கும் ஜன்னல்தான் நிற்கும். யூபிவிசி போட்டாலும் இதே பேச்சுதான்.

முழுதாக மாற்றுகிறவர்கள் அளவை விட்டுக்கொடுக்காமல் எடுங்கள். சுவர்த் திறப்பின் அகலத்தை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்திலும், உயரத்தையும் அதேபோல் மூன்று இடத்திலும் எடுத்து, இருப்பதில் சின்ன அளவிலிருந்து 10 மி.மீ. கழித்துக் கொடுங்கள். மூலைக்கு மூலை இரண்டு குறுக்கும் அளந்தால் திறப்பு கோணலா என்று தெரியும். மாட்டியதும் சுற்றிலும் ஃபோம் அடித்துவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். ஃபோம் இடத்தை நிரப்பும், தண்ணீரை நிறுத்தாது. வெளிப்பக்கம் சீலன்ட் வைக்காமல் மீதிப் பணம் கொடுக்காதீர்கள்.

எந்த வழியில் போனாலும், முடிந்து ஒரு வாரம் கழித்து மறுபடி ஹோஸ் பிடித்துப் பாருங்கள், அதே வரிசையில், கீழிருந்து மேலாக. அப்புறம் வருடா வருடம் வைகாசியில் ஓட்டைகளைக் குத்திவிட்டு, கீலுக்கு எண்ணெய் விட்டு, கம்பிக் காலைத் தடவிப் பார்த்தால் போதும். எங்கள் வீட்டில் ஏழு ஜன்னல் முடிந்துவிட்டது. எட்டாவது சமையலறை ஜன்னல், அதற்கு முன்னால் மிக்ஸி, கிரைண்டர், தண்ணீர் ஃபில்டர் எல்லாம் நிற்கிறது. பங்குனியில் பார்க்கலாம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். அதுவரை அங்கே துண்டுதான்.